ரோசாவுக்காக எழுதிய சீட்டு

ஆனந்தமேரி அக்கா முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு நர்ஸ். கட்டில் எண், பெயர், நோய் என்று பதினோரு வருஷமாக நோட்டில் எழுதிவருகிறவர். அந்தப் பழக்கமே ஒரு நாள் அவரைச் சிக்கலில் மாட்டிவிட்டது.

அது 1934, தவக்காலத்துக்குச் சில வாரம் முன்பு. ஏழாம் கட்டிலில் ரோசா என்ற பெண் இருந்தாள். தச்சுவேலை செய்யும் சவரிராயனுக்கு அவளை நிச்சயித்து, மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலைதான் பாக்கி; அதையும் வாசித்துவிட்டால் கல்யாணம். அதற்குள் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. வீட்டார் வெளியே காய்ச்சல் என்று சொல்லிவைத்தார்கள்.

"அவர்கிட்ட நானே சொல்லிடுறேன் அக்கா. வேற யார் வாயாலயும் அவர் கேக்கக் கூடாது" என்றாள் ரோசா. அக்கா சரி என்றார்.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து திரும்பும்போது, அவளுக்காக வேண்டிக்கொள்ள ஒரு சீட்டு எழுதிக் கோயில் பெட்டியில் போட்டார். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் என்ன எழுதினோம் என்பது நினைவுக்கு வந்தது. 'கட்டில் 7. ரோசா. வலிப்பு. குணமாக வேண்டும்.' ஞாயிறு பிரசங்கம் முடிந்ததும் உபதேசியார் சூசைநாதன் எல்லாச் சீட்டையும் எழுதியபடியே உரக்கப் படிப்பார். மாப்பிள்ளை வீட்டாரும் அங்கேதான் இருப்பார்கள்.

அரிசியை அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினார். உபதேசியார் பெட்டியைத் திறந்து சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏழாம் கட்டில் சீட்டைக் குடுத்துடுங்க ஐயா."

"படிச்சுட்டேனே! கட்டில் நம்பர் இல்லன்னா சாமி வார்டுல வழி தெரியாம நிப்பாரா?" என்று சிரித்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டை நீட்டினார். "நான் யார்கிட்ட சொல்லப் போறேன், போ."

"நானும் சொல்ல மாட்டேன்னுதான் இருந்தேன். எழுதிட்டேனே."

சீட்டை அடுப்பில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அக்கா மறுபடி ஆஸ்பத்திரிக்கே போனார். வார்டு வாசலில் சவரிராயனின் அம்மா கமலா ஆரஞ்சுகளோடு நின்றிருந்தார்.

"காய்ச்சல்னா இத்தினி நாளா? மெய்யா என்னா சீக்கு, சொல்லு."

"ரோசாவையே கேளுங்கம்மா."

"ஏன், உன் வாய்க்குப் பூட்டு போட்டிருக்கா?"

"ஆமாம்மா. சாவி அவகிட்ட இருக்கு."

அந்த அம்மா பழத்தைக் கொடுத்துவிட்டு முணுமுணுத்தபடி போனதும், அக்கா சீட்டை ரோசாவிடம் காட்டி, உபதேசியார் படித்துவிட்டதையும் சொன்னார். ரோசா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உங்கள நம்பித்தானே சொன்னேன்."

அக்கா பழத்தை அவள் தலைமாட்டில் வைத்தார். சுவரைப் பார்த்தபடியே ரோசா, "அவரை இன்னிக்கே வரச் சொல்லுங்க" என்றாள்.

சாயங்காலம் சவரிராயன் வந்தான். அக்கா வார்டின் மறுகோடிக்குப் போய், மடித்துவைத்த போர்வைகளையே உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர்கள் ஓலை வாசிக்கப்படவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. தவக்காலம் வந்தது; அது முடியும்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. தெருவில் எல்லோரும் அக்காவைத் துளைத்தார்கள். ஒரு வார்த்தை வரவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு ஒரு ஞாயிறு மூன்றாவது ஓலை வாசித்தார்கள். நடுவில் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்கா இப்போதும் சீட்டு போடுகிறார். உபதேசியார் படிப்பது இவ்வளவுதான்: "ஒரு ஆளுக்காக. பெயர் உமக்குத் தெரியும், சுவாமி."