துவாதசிக் கீரை

உடம்பே உண்டாக்கும் நைட்ரிக் ஆக்சைடை நேராகப் பிடித்து அளக்க எங்கள் ஆய்வகத்தில் வசதி இல்லை. ரத்தக் குழாயைத் தளர்த்திவிட்டு அது நொடியில் காணாமல் போய்விடும். அது மாறி நிற்கும் நைட்ரைட், நைட்ரேட்டைத்தான் அளப்போம். வந்தவர் குடித்து வைத்துவிட்டுப் போன காபி டம்ளரைப் பார்த்து, ஆள் வந்ததைச் சொல்கிற மாதிரி. ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் மருந்துகளைச் சேர்த்துக் காத்திருந்தால் இளஞ்சிவப்பு வரும். நிறம் கூடினால் அளவும் கூடுதல்.

என் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவர்களில் அத்தையும் ஒருவர். திருவையாறு பக்கம் தனியாக விவசாயம் பார்ப்பவர், ரத்தக் கொதிப்பு உண்டு. மாமா பக்கவாதத்தில் விழுந்து, பேச்சில்லாமல் நெடுநாள் கிடந்து இறந்தார். அத்தைக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை, அந்தப் படுக்கைதான் பயம்.

"ரெண்டு நாளைக்குக் கீரை, பீட்ரூட் கூடாது. வெறும் வயித்துல வாங்க" என்று எல்லாரிடமும் போல அவரிடமும் சொல்லியிருந்தேன். வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள், துவாதசி காலையில் வந்தார்.

"நேத்துலேருந்து விரதம்தான்" என்றார். இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது என்று எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

மற்றவர்களுடைய சீரமெல்லாம் வெளிறிக் கிடக்க, அவருடையது மட்டும் அடர்ந்த ரோஜா நிறத்தில் நின்றது. பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று கூடவே உட்கார்ந்திருந்த அத்தை, "இது கூடுனா நல்லதா?" என்றார்.

"பொதுவா ரத்தக் குழாய்க்கு நல்லதுதான் அத்தை" என்றேன். நிறம் பார்த்த குஷியில் அதற்கு மேல் நானும் விளக்கவில்லை.

பொங்கலுக்குப் போனபோது அவருடைய பிரஷர் மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடந்தது. "உன் மெஷினே சொல்லிடுச்சே, மாமாவுக்கு வந்தது எனக்கு வராதுன்னு!" என்று சிரித்தார். பிரஷர் பார்த்தேன், எகிறிக் கிடந்தது.

"அன்னிக்கு நிஜமாவே ஒண்ணும் சாப்பிடலையா?"

"விடியக்காலையில அகத்திக்கீரையோட விரதத்தை முடிச்சுட்டு வந்தேன். அது விரதத்துல சேர்த்தி. சாப்பாடா அது?"

சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. கீரையின் நைட்ரேட்டும் அதே நிறத்தைத்தான் தரும். உடம்பு கொடுத்ததா, அகத்தி கொடுத்ததா என்று நான் சேர்க்கும் மருந்துக்குத் தெரியாது. இதைச் சொன்னபோது அத்தை நம்பவில்லை. "திரும்ப எடுத்துக் காட்டு. அப்புறம் மாத்திரை போடறேன்" என்று பிடிவாதம் பிடித்தார்.

இம்முறை நான் சொன்னபடியே பத்தியம் இருந்து வந்தார். சோதனைக் குழாயையே கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுடையதைப் போலவே வெளிறிய நிறம்தான் வந்தது.

பையிலிருந்து மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு விழுங்கினார்.

"இதைப் போட்டா வராதுல்ல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வர்றதுக்கு வாய்ப்பு கொறையும் அத்தை."

"ம்" என்றார். மாத்திரை அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டே, "மாமா போனதுக்கப்புறம் இந்த ஒரு மாசந்தான்டி பயமில்லாம தூங்குனேன்" என்றார்.