புண்ணாக்குப் பசையும் கெமிஸ்டம்மாவின் சந்தேகமும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, விருதுநகரிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, என் கைப்பேசிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலிப் படம் வந்தது. படத்தில் இருந்தவர் கோமதி அம்மாள். ஆனால் இனிஷியல் தவறு. படிப்பையும் தவறாகப் போட்டிருந்தார்கள். முந்தின நாள் மாலைதான் அவர் என்னை அழைத்து, மூட்டைக்குள் கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார். யாரோ வேண்டாத வேலை பார்த்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். உறுதி செய்துகொள்ள அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். எடுத்தது அவருடைய தம்பி.

“அக்கா போயிட்டாகண்ணே. விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னாக. ஆஸ்பத்திரி வாசல் வரைக்குந்தான் உசிரு இருந்துச்சு.”

“படத்துல இனிஷியல் தப்பா இருக்கே?” என்றேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

“அவசரத்துல அடிச்சுட்டாகண்ணே,” என்று சொல்லிவிட்டு அவர் அழுதார்.

கோமதி அம்மாளை எம். புதுப்பட்டிப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளர்கள் ‘கெமிஸ்டம்மா’ என்றே அழைப்பார்கள். ஒரு கம்பெனியில் நெடுங்காலம் வெடிமருந்தைச் சோதித்துத் தரும் வேலை பார்த்தவர். அங்கே சாக்குப்பையில் என்ன எழுதியிருந்தாலும், தாமே ஒரு சிட்டிகை எடுத்துப் பார்க்காமல் எதையும் கலக்க விடமாட்டாராம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. உணவகத்தில் தண்ணீர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

திருத்தங்கல் சாலையில் எனக்கொரு சிறு பட்டறை உண்டு. மெல்லிய மரத்தாள்களில் பசை தடவி, அடுக்கி, சூடான பிரஸ்ஸில் அழுத்திப் பிளைவுட் செய்கிறோம். பசை என்றால் டிரம்மில் வரும் ரெசின். பிரஸ்ஸைத் திறந்ததும் கிளம்பும் நெடியில் எங்களுக்குக் கண்ணீர் வழியும். அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொண்டதில்லை. ஒரு நாள் இந்த அம்மாள் முன்பின் அறிமுகம் இல்லாமல் உள்ளே வந்தார்.

“என் தம்பி வீட்ல புது அலமாரி வாங்குனாக. கதவத் தொறந்தா கண்ணு எரியுது. பலகை எங்க செஞ்சதுன்னு விசாரிச்சேன். உங்க பட்டறையச் சொன்னாக.”

புகார் கொடுக்க வந்தவர் என்று நினைத்து நாற்காலியைக்கூட நகர்த்திப் போடாமல் நின்றேன். அவரோ, பட்டறையில் ஒரு மூலையும் பழைய பிரஸ்ஸும் தந்தால் புண்ணாக்கில் பசை செய்து காட்டுவதாகச் சொன்னார்.

“உங்கள யாரு அனுப்புனாக?” என்றேன்.

“அப்படிக் கேளுங்க தம்பி. கேக்காமச் சேத்துக்கிட்டா எனக்குத்தான் உங்க மேல சந்தேகம் வரும்.”

மூலையையும் பிரஸ்ஸையும் கொடுத்தேன். ஆனாலும் போட்டிக் கம்பெனி அனுப்பிய ஆளாக இருக்குமோ என்று பல வாரங்கள் அவரை ஓரக்கண்ணால் கவனித்தபடியே இருந்தேன். அவர் எண்ணெய் எடுத்த கடலைப் புண்ணாக்கைத் திரித்துச் சலிப்பார். அதில் கருவேலம்பட்டையைக் காய்ச்சிய சாற்றைச் சேர்ப்பார். முதலில் செய்த பலகைகளின் ஓரத்தை எலி தின்றது. பட்டைச் சாற்றைக் கூட்டியதும் எலி மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. தண்ணீர்தான் பெரிய தொல்லை. கொதிக்கும் நீரில் போட்டால் பலகை ஈரத்தில் ஊறிய புத்தகம் போலத் தாள் தாளாகப் பிரிந்துவிடும்.

பிரஸ் ஓட்டியவர் தாயில்பட்டி மாரியப்பன். அவரும் முன்பு பட்டாசுத் தொழிலாளி. மனைவி பிடிவாதம் பிடித்ததால் மருந்து வேலையை விட்டு எங்களிடம் வந்தவர். கெமிஸ்டம்மா வீட்டிலிருந்து மாவையும் சாற்றையும் கொண்டுவருவார். மாரியப்பன் பட்டறைத் தொட்டித் தண்ணீரில் பசை கூட்டிப் பலகையை அழுத்துவார்.

அந்தச் சமயத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பேசினார். குழந்தைகள் பள்ளிக்கு மேசை செய்பவர். நெடி இல்லாத பலகை கிடைத்தால் பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லி, நேரில் பார்க்க வருவதாகவும் இருந்தார். அவர் வருவதற்கு முந்தின நாள் செய்த பலகைத் துண்டைக் கொதிநீரில் போட்டோம். பிரியவில்லை. இன்னும் கொதிக்கவிட்டோம். அப்போதும் பிரியவில்லை. பட்டறையே கைதட்டியது. கெமிஸ்டம்மா மட்டும் துண்டை எடுத்து மூக்கருகில் வைத்தபடி நின்றார்.

“இது என் பசை இல்ல,” என்றார். “இம்புட்டுத் தாங்குறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. யாரோ ரெசினக் கலந்துருக்காக.”

முதலில் என்னிடம்தான் கேட்டார். ஆர்டருக்கு ஆசைப்பட்டு நீங்கள் கலந்தீர்களா என்று, எல்லோர் முன்னிலையிலும். இல்லை என்றேன். அடுத்து மாரியப்பன் பக்கம் திரும்பினார்.

“கலந்தது நீங்கதான் மாரியப்பன். உங்க கை வழியாத்தான் எல்லாம் போகுது.”

“எனக்கெதுக்குங்க அது?”

“எனக்கு நல்லது செய்யுறதா நெனச்சுச் செஞ்சிருக்கலாம்.”

மாரியப்பன் கையுறையைக் கழற்றி பிரஸ் மேல் வைத்தார். “நல்லதுக்குத் திருடுனேங்கீக. சரி,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் வாசல்வரை பின்னாலேயே போய்க் கூப்பிட்டும் திரும்பவில்லை. கோயம்புத்தூர்க்காரரை வரவேண்டாம் என்று கெமிஸ்டம்மாவே தொலைபேசியில் சொன்னார். மாரியப்பன் பழையபடி பட்டாசுக் கம்பெனிக்கே போய்விட்டார் என்ற செய்தி அந்த வாரத்திலேயே எங்களுக்கு வந்தது.

அதன் பிறகு பட்டறையில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. பசை தடவும் பெண்கள் கெமிஸ்டம்மா வந்தாலே பேச்சை நிறுத்துவார்கள். ‘ஒருவேளை மாரியப்பன் செய்திருப்பாரோ’ என்று எனக்கும் தோன்றும். அவர் முகத்தை நினைத்தால் அப்படித் தோன்றாது. கெமிஸ்டம்மா ரெசின் டிரம் எல்லாவற்றையும் வேறு கிட்டங்கிக்கு மாற்றச் சொன்னார். பாத்திரங்களைப் புதிதாக வாங்கி, யாரையும் பக்கத்தில் விடாமல் தாமே பசை கூட்டி, தாமே பலகை அழுத்தினார். கொதிநீரில் போட்டார்.

அதுவும் பிரியவில்லை.

அவர் துண்டை எடுத்து மறுபடி மோந்து பார்த்தார். பட்டறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டு, உள்சுவரை நகத்தால் சுரண்டினார். நகத்தில் வெள்ளையாக ஒட்டியது. பாசி பிடிக்காமல் இருக்க, தொட்டி கழுவ வந்தவர் உள்ளே சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போயிருந்தார். அதற்கு முன் செய்து பார்த்தபோதெல்லாம் பிரிந்த பலகை, அதன் பிறகு பிரியாமல் இருந்ததற்குக் காரணம் அந்தச் சுண்ணாம்புதான். பலகை தண்ணீரைத் தாங்க அவர் தேடிக்கொண்டிருந்த பொருளும் அதுதான்.

நான் சந்தோஷத்தில் கத்தினேன். அவர், “வண்டிய எடுங்க தம்பி. தாயில்பட்டிக்குப் போகணும்,” என்றார்.

“நாளைக்குப் போவமே அம்மா.”

“மருந்து ரூம்ல இருக்க ஆளுக்கு நாளைக்குன்னு சொல்லக் கூடாது.”

நாங்கள் போனபோது மாரியப்பன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கைகளில் படிந்திருந்த வெள்ளி நிற மருந்துப் பொடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. அவர் மனைவிதான் பேசினார்.

“ஆர்டருக்கு ஆள் கெடைக்கலையாக்கும்? அதான் தேடி வந்தீகளா?”

கெமிஸ்டம்மா பையிலிருந்து இரண்டு பலகைத் துண்டுகளை எடுத்து நீட்டினார். “ஒண்ணு வெறும் தண்ணியில செஞ்சது. ஒண்ணு சுண்ணாம்புத் தண்ணியில செஞ்சது. எது எதுன்னு சொல்ல மாட்டேன். உங்க அடுப்புல, உங்க தண்ணியில வேக வைங்க. நாங்க வெளிய நிக்கோம்.”

தெருவில் நின்றோம். அக்கம்பக்கத்தார் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து மாரியப்பன் ஒரு கையில் முழுப் பலகையும் மறுகையில் பிரிந்த தாள்களுமாக வந்தார்.

“அப்ப நான் கலக்கலேன்னு உங்களுக்கு இப்பத்தான் தெரியுது.”

“ஆமா,” என்றார் கெமிஸ்டம்மா. “மத்ததெல்லாம் சோதிச்சேன். தண்ணியச் சோதிக்கல. அதுக்கு முந்தி உங்களக் குத்தம் சொல்லிட்டேன். தப்பு எம்மேலதான்.”

“சந்தேகப்பட்டதுக்கு நான் கோவிக்கல. மருந்து வேலையில அது இல்லேன்னா உசிரில்ல. ஆனா நீங்க சந்தேகப்படல. முடிவே பண்ணிட்டீக.”

கெமிஸ்டம்மா தலை குனிந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மாரியப்பன் திரும்பி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனையோடு. பசை கூட்டும்போது இருவரும் நிற்க வேண்டும். அவர் கையைக் கெமிஸ்டம்மா பார்ப்பதுபோல, கெமிஸ்டம்மாவின் கையை அவரும் பார்ப்பார். கடைசிவரை அப்படியே நடந்தது. அவர்கள் நண்பர்கள் ஆனார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அது உண்மையில்லை. ஒருவர் சொன்ன அளவை மற்றவர் மறுபடி நிறுத்துப் பார்ப்பார். இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே பிரஸ் மூடும். அப்படி மூடிய பிரஸ்ஸிலிருந்து வந்த பலகை எதுவும் இன்றுவரை எங்களிடம் திரும்பி வந்ததில்லை.

மறுபடி கூப்பிட்டதும் கோயம்புத்தூர்க்காரர் வந்து பார்த்து ஆர்டர் தந்தார். கொதிநீரில் பிரியாத பலகைக்கே, “மழையில் வைக்கக் கூடாது” என்று கெமிஸ்டம்மா அச்சடித்து ஒட்டச் சொன்னார். வியாபாரம் கெட்டுவிடும் என்று நான் சண்டை போட்டேன். “ஒரு கொதியத் தாங்குனா ஒரு மழக்காலத்தத் தாங்கும்னு யாரு சொன்னா உங்களுக்கு?” என்று கேட்டார்.  அந்த வாசகம் இன்றும் ஒட்டப்படுகிறது. எங்கள் பெண்கள் இப்போது கண்ணைத் துடைக்காமல் பிரஸ் அருகே நின்று வேலை செய்கிறார்கள்.

புதன்கிழமை மயானத்தில், கடைசியாக முகம் பார்ப்பவர்கள் பார்க்கலாம் என்றார்கள். உறவினர்கள் பார்த்து முடித்த பிறகு மாரியப்பன் முன்னால் வந்தார். மாலைகளைக் கொஞ்சம் விலக்கி, தன் புறங்கையைக் கோமதி அம்மாளின் நாசிக்கு நேராக வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். யாரோ, “அண்ணே, நேரமாகுது,” என்றார்கள். அவர் கையை எடுக்கவில்லை. அம்மாளின் தம்பி, “இருக்கட்டும் விடுங்க,” என்றார். பிறகுதான் மாரியப்பன், “சரி,” என்று சொல்லிக் கையை எடுத்தார். மாலையைப் பழையபடி சரிசெய்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

மாரியப்பன் பார்த்துவிட்டார், அம்மா. போய் வாருங்கள்.