துளிர்விட்ட விமான எண்ணெய்

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் பின்புறத் தகரக் கொட்டகையில் நாங்கள் ஆகாய விமானத்துக்கு எண்ணெய் தயாரித்துக்கொண்டிருந்தோம். சிரிக்காதீர்கள். நிலக்கரித் தூளோடு மரவள்ளிக் குச்சியைச் சேர்த்து, உலையில் அரைகுறைக் காற்றில் எரித்தால் வாயு வரும். வாயுவைப் பக்குவப்படுத்தினால் எண்ணெய். வரவும் வந்தது, ஒரு சின்ன பாட்டில் நிறைய. அதைக் குடித்து ஒரு கொசு வேண்டுமானால் தொப்பூர் கணவாயைத் தாண்டியிருக்கும்.

விமானக் கம்பெனிக்காரர்கள் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் கண்ணெதிரே எண்ணெய் சொட்டினால் திட்டம் நீளும், என் வேலையும் நீளும். இல்லையென்றால் நான் மறுபடி வேலைக்குத் தனியாகப் பெங்களூர் போக வேண்டியதுதான். மகளை அப்போதுதான் கடத்தூரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தேன். தினமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், எனக்கு அவ்வளவுதான் ஆசை. விமானம் எக்கேடு கெட்டால் எனக்கென்ன?

சோதனைக் கருவி வாங்க நான் வெளியூர் போன வாரத்தில், அப்போதுதான் வெட்டி வந்து வெயிலில் காயப்போட்டிருந்த குச்சிகளைக் காட்டி, கொட்டகையில் குச்சிக் கட்டு அடுக்கும் அக்காவிடம் எங்கள் திட்டத்தின் தலைவரான புரொஃபசர், "இதாம்மா நமக்கு உசுரு, பத்திரமா பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எதற்கென்று சொல்ல நேரமில்லை. பெரிய படிப்பு படித்தவர் அல்லவா!

மரவள்ளிக் குச்சிதான் இங்கே அடுத்த நடவுக்கு விதை. அதை நிழலில் நிமிர்த்தி நிறுத்தி, அடியில் மண் அணைத்து, தண்ணீர் தெளித்துத்தான் பத்திரப்படுத்துவார்கள். அக்கா ஒரு குறையும் வைக்கவில்லை. நான் திரும்பி வந்தபோது, சருகாகக் காய்ந்திருக்க வேண்டிய எங்கள் சரக்கு புளியமரத்தடியில் பச்சைப்பசேலென்று துளிர்விட்டு நின்றது.

"என்னக்கா இது?"

"ஒரு குச்சிகூட சாவலைங்க சார். தெனமும் தண்ணி தெளிச்சிட்டுதாங்க வூட்டுக்குப் போனேன்."

அழுகையே வந்துவிட்டது. மறுநாளே விருந்தாளிகள் வந்து நின்றார்கள். "போடுங்க, சமாளிச்சுக்கலாம்" என்றார் புரொஃபசர். போட்டோம். உலை அணைந்து கொட்டகை முழுக்கப் புகை மண்டியது. குழாயில் சொட்டியது வெறும் தண்ணீர். வந்தவர்கள் இருமிக்கொண்டே கைகுலுக்கி, இருமிக்கொண்டே காரில் ஏறினார்கள். "ஊக்கமளிக்கும் சந்திப்பு" என்றார் புரொஃபசர். அடுத்த மாதம் கொட்டகையைப் பூட்டினார்கள்.

மிச்சக் குச்சிகளை அக்கா கேட்டு வாங்கிப்போய்த் தன் காட்டில் நட்டார். இந்தத் தையில், நான் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு பை கிழங்கோடு வீட்டுக்கு வந்தார்.

"உங்க குச்சிதாங்க சார். மாவாட்டம் வேவுது."

மனைவி உப்புப் போட்டு வேகவைத்தாள். நிஜமாகவே ருசியாக இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். மகளும் ஆசையாகத் தின்றுகொண்டிருந்தாள். கதை முழுக்க அவளுக்குத் தெரியும்.

"இது மொளைக்காம இருந்திருந்தா நீங்க இங்கயே இருந்திருப்பீங்களாப்பா?"

"ஆமா."

கையிலிருந்த துண்டை அவள் தட்டிலேயே வைத்துவிட்டாள். எனக்குப் பெங்களூர் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.