பெரிய பாக்கெட் போகாத வழி

கிடங்குக்காரி என்ற பெயரை அவளுக்கு வைத்தவர் அவள் கணவர். பதிலுக்கு அவள் வைத்தது ரோட்டுக்காரர். இருவருக்கும் வேலை ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் டேட்டா சென்டரில். சர்வர்கள் ஓர் அறையில், தகவல்களைச் சேர்த்து வைக்கும் ஸ்டோரேஜ் பெட்டிகள் அடுத்த அறையில். பெட்டிகளும் அவற்றிலிருந்து சர்வர்களுக்குப் போகும் ஆரஞ்சு நிற ஃபைபர் கேபிள்களும் அவள் பொறுப்பு. மற்ற நெட்வொர்க் முழுவதும் அவருடையது. இந்தப் பாகப்பிரிவினை மாமியாருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ரெண்டு பேருக்கும் கம்பிதானே வேலை, இதில் உன் கம்பி என் கம்பி என்ன என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிவிடுவார்.

வித்தியாசம் இருந்தது. அவளுடைய ஃபைபர் சேனலில், வாங்குகிற பக்கம் இடம் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அனுப்புகிற பக்கம் அடுத்ததை அனுப்பும். வழியில் எதுவும் கீழே விழாது. அவருடைய ஈதர்நெட்டில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நெரிசலில் தொலைந்தால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். குடித்தனத்திலும் அப்படியே. காதில் விழும்வரை அவர் சொன்னதையே சொல்வார். அவள் எதிராளியின் முகத்தைப் பார்த்து, இப்போது சொல்லலாமா என்று நிதானித்துத்தான் வாயைத் திறப்பாள். பாதி நாள் திறக்காமலே போகும்.

புதிதாக வந்த டைரக்டரம்மா வெட்டு ஒன்று துண்டு ரெண்டு ரகம். ஸ்டோரேஜுக்கென்று தனிப் பாதை எதற்கு, செலவு எதற்கு, ஐஸ்கஸி என்றொரு முறை இருக்கிறதே, அதில் எல்லாம் ஈதர்நெட்டிலேயே போகட்டும் என்றார். பாலிசி ஆவணங்கள் இருக்கும் பெட்டியை மட்டும் ஒரு சனிக்கிழமை மாற்றிப் பார்ப்பதாக முடிவானது. மாலைக்குள் ஓடினால் மற்ற பெட்டிகளும் மாறும்; ஓடாவிட்டால் பழைய கதையே தொடரும். ஓடினால் அவள் குழு அவர் குழுவில் கரையும். கணவனுக்குக் கீழே மனைவி வேலை பார்க்கக் கூடாது என்பது கம்பெனி விதி. அப்போது வெளியே போகப்போவது யார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை இணைப்பு உடனே கிடைத்தது. பெட்டியைச் சர்வர் கண்டுகொண்டது, டிஸ்க்குகளை வரிசையாகக் காட்டியது. ஒரு சின்னக் கோப்பை எழுதினார்கள், போனது. ஸ்கேன் செய்த பெரிய ஆவணத்தை எழுதியபோது அப்படியே நின்றது. யானை போய் வால் மாட்டிக்கொண்ட கதை கேள்விப்பட்டதுண்டு. இங்கே வால் போய்விட்டது, யானைதான் நின்றது. ரோட்டுக்காரரின் ஆட்கள் பிங் போட்டு, அதாவது ஒரு சோதனைத் தகவல் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்து, பாதை சுத்தம் என்றார்கள். அவளுடைய ஆட்கள் பெட்டி சுத்தம் என்றார்கள். எல்லோரும் சுத்தம், வேலை மட்டும் நடக்கவில்லை.

அவள் தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்து, அதே பிங்கைப் பெரிய பாக்கெட்டாக, ஒரே தகவல் பொட்டலமாக, பிரிக்கக் கூடாது என்ற கட்டளையோடு அனுப்பினாள். பதில் இல்லை. சின்னதாக அனுப்பினாள், வந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டு முனையிலும் பெரிய பாக்கெட் அனுப்பும்படி வைத்திருந்தார்கள். நடுவில் கேபிள்களை இணைக்கும் ஏதோ ஒரு ஸ்விட்ச் சாதாரண அளவிலேயே நிற்கிறது. அளவு மீறி வருவதைச் சத்தமில்லாமல் கீழே போடுகிறது. எந்த ஸ்விட்ச் என்று தேட வேண்டியதும் இல்லை. போன மாதம் ஒன்று கெட்டுப்போய், கணவர் தன் கையாலேயே புதிதாக ஒன்றை மாட்டியிருந்தார்.

திரையில் இருந்த விண்டோவை மூடினாள். இதைச் சொல்வது சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது. சொல்லாமல் இருப்பதற்கு எதுவுமே செய்ய வேண்டாம், மாலை தானாக வந்துவிடும். பெட்டி அறைக்குப் போய், பழுதே இல்லாத ஒரு கேபிளைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகினாள்.

மதியம் கேன்டீனில் அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஏன் ஓடவில்லை என்று டைரக்டரம்மா கேட்டதை அவளிடம் மூன்று தரம் சொன்னார். நாலாவது தரம் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் அப்படி நிறுத்தி அவள் பார்த்ததில்லை.

"பிங் எந்த சைஸ்ல போட்டீங்க?" என்றாள்.

"வழக்கமா போடறதுதான்."

"பெருசா போட்டுப் பாருங்க. புது ஸ்விட்ச்சு."

கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது.

"எப்ப கண்டுபிடிச்ச?"

"காலையில."

"இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்த?"

"யோசிச்சிட்டிருந்தேன்," என்றாள். "என் வேலையாச்சே."

அவர் எழுந்து இரண்டடி போய்த் திரும்பி வந்தார். "நான் இப்ப போய் மாத்தினா உனக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். டீ ஆறுது, குடிச்சிட்டுப் போங்க."

குடிக்காமல்தான் போனார். சிறிது நேரத்தில் பெரிய ஆவணங்கள் போக ஆரம்பித்தன. கோளாறு என் ஸ்விட்ச்சில், கண்டுபிடித்தது ஸ்டோரேஜ் குழு என்று அவர் டைரக்டரம்மாவிடம் சொன்னார். ரொம்ப சந்தோஷம் என்றார் டைரக்டரம்மா. முடிவு மாறவில்லை. அடுத்த வாரங்களில் ஆரஞ்சுக் கேபிள்களை அவளே கழற்றினாள். முனைகளில் தூசி மூடி போட்டு, வளையமாகச் சுற்றி அடுக்கினாள். கடைசி நாள் அவள் சாமான் பெட்டியை அவர்தான் கார் வரைக்கும் தூக்கி வந்தார்.

வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது மாமியார், "அங்கயும் கம்பிதானா?" என்று கேட்டார்.

"கம்பிதான் அத்தை. ஆனா எனக்குன்னு தனியா இல்ல, எல்லாருக்கும் ஒரே கம்பி."

"அதைத்தானே நான் அப்பவே சொன்னேன்."

அங்கே முதல் நாள், கூட வேலை பார்க்கிறவர்களின் பெயர்கூட மனதில் நிற்பதற்குள், ஒரு பெரிய பாக்கெட்டை அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் பையை நாற்காலியில் மாட்டினாள்.