ராயப்பேட்டையில் வாங்கிய சத்தம்

எழுபதுகளின் தொடக்கத்தில் மந்தைவெளியில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாகக் குடியிருந்தேன். துணைக்கு ஒரு கிழட்டுக் கார். அதன் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையானபோது, மாற்றுவதற்காக ராயப்பேட்டையில் ஒரு பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்பார்கள். அவர் இரண்டு சைலன்சர்களைத் தரையில் எடுத்துப் போட்டார். ஒன்று பழையதைப் போலவே உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்தது. இன்னொன்று பந்தயக்காரர்கள் மாட்டுவது. அகலக் குழாய், தடுப்பே கிடையாது, புகை நேராக வெளியே போய்விடும்.

"உங்களுக்கு இன்னா சார் வோணும், இழுப்பா, சத்தமா?"

"ரெண்டும்தான்."

"பெரிய குழாய் வேகமாப் போனாதான் சார் இழுக்கும். உங்க இஞ்சினு கெயவன். சிக்னல்ல நின்னு கெளம்பச்சொல்ல நொண்டும். எங்க ஓட்டப் போறீங்க?"

நந்தனத்தில் ஆபீஸ், மந்தைவெளியில் வீடு. அந்தத் தூரத்துக்குள் எந்தக் காரும் பறக்க முடியாது. ஆனாலும், இஞ்சின் நன்றாக மூச்சு விடும் என்று எல்லாம் தெரிந்தவன் போல அளந்துவிட்டு, அகலக் குழாயையே கேட்டேன். பாய் குழாய்க்குள் மணலை அடைத்து, சூடு காட்டி வளைத்து, மாட்டிக் கொடுத்தார்.

இப்போது சொல்வதில் வெட்கமில்லை. எனக்குச் சத்தம்தான் வேண்டியிருந்தது. மூன்று வருஷமாக, காரைப் பின்பக்கக் கொட்டகையில் விட்டு மாடி ஏறிக்கொண்டிருந்தேன். வந்தாயா என்று கேட்க ஓர் ஆள் கிடையாது.

புதுக் குழாய் தெருமுனையிலேயே என் வரவைச் சொல்லிவிட்டது. கீழ்ப் போர்ஷன்காரர் முதல் நாளே கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஆபீஸ்லேர்ந்து வந்துட்டேளா?" என்றார். அதற்கு முன் அவர் என்னிடம் பேசியதே இல்லை. அசட்டுத்தனமான சந்தோஷம் எனக்கு. வண்டி முதல் கியரில் திணறியதைப் பொருட்படுத்தவே இல்லை.

ஒரு மாதம் கழித்து அவரே மாடிக்கு வந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்கோ சார். நீங்க வண்டியை உள்ளே விடறச்சே குழந்தை தூக்கிவாரிப்போட்டு எழுந்துண்டுடறான்."

"என் வண்டி அப்படித்தான்" என்று முறைப்பாகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். சாத்திய கையோடு கூசிப்போனேன். மறுநாளே பாயிடம் போய், தடுப்புத் தகடு வைத்ததை மாட்டிக்கொண்டு வந்தேன். வண்டி நன்றாக இழுத்தது. கேட்டை நானே இறங்கித் திறந்தேன்.

இரண்டு வாரம் போனது. ஒரு காலையில் படி இறங்கும்போது அவர் எதிரே வந்தார். என் முறைப்பையெல்லாம் மறந்துவிட்ட முகம்.

"அடடே, எப்போ வந்தேள்? சத்தத்தையே காணோமே, ஊருக்குப் போயிருக்கேள்னு ஆத்துல பேசிண்டிருந்தோம்."

அந்தப் பதினைந்து நாளும் அவர் தலைக்கு மேலேதான் நடந்துகொண்டிருந்தேன்.

"நேத்துதான் வந்தேன்" என்றேன்.