மூணாவது கியரைப் பிடிக்க ஒரு ஆள்

எங்கள் வீட்டு ஜீப்பை ஓட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டுவதற்கு, இன்னொருவர் மூணாவது கியரைப் பிடித்துக்கொள்வதற்கு. ஓட்டுகிறவர் அப்பா. பிடிக்கிறவள் நான். காலேஜில் சேர்ந்த வருஷம் தொடங்கிய இந்த உத்தியோகம், கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கப் போன பிறகும் என்னை விடவில்லை.

ஜீப் என்று நாங்கள் பெருமைக்குச் சொல்லிக்கொள்வதுதான். ஆள் குட்டி. பின்பக்கம் தார்ப்பாய் போட்ட, நாலு சக்கரமும் இழுக்கக்கூடிய வண்டி. மலைமேல் ஏதோ எஸ்டேட்டில் உழைத்து ஓய்ந்து, கைமாறி எங்கள் திருநகர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு ஜவுளி வியாபாரம். சேலைக் கட்டுகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டு திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று கடைகடையாகப் போவார். நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் சின்ன கியர் எங்களிடம் வரும்போதே இறுகிப் போயிருந்தது. அசைக்கவே முடியாது. மஞ்சப்பை மாட்டுவதற்கு அதைவிடத் தோதான இடம் எந்த வண்டியிலும் கிடையாது.

பெரிய கியரில் ஒன்று, இரண்டு, நாலு எல்லாம் ஒழுங்காக இருக்கும். மூணு மட்டும் இருக்கவே இருக்காது. போட்டுக் கையை எடுத்தால் அடுத்த நொடி 'டொக்' என்று நியூட்ரலுக்கு வந்துவிடும். இன்ஜின் ஓவென்று கத்தும், வண்டி சோம்பலாக உருளும், பின்னால் வருகிற பஸ்காரன் ஆரனில் நம் வம்சத்தையே விசாரிப்பான். சரி, இரண்டிலிருந்து நேராக நாலுக்குப் போகலாம் என்றால், வண்டி குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கி நின்றுபோகும். ஆகவே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மூணாவது கியரைக் கையால் அழுத்திப் பிடித்தே ஆக வேண்டும். வேறு வழியே இல்லை.

இல்லை என்று சொல்வதும் பொய். வழி இருந்தது. வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் எங்கள் மெக்கானிக் ஒருவர் இருந்தார். வண்டியைக் கண்டாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். "அண்ணே, உள்ள பல்லு தேஞ்சு போச்சு. கியர் பாக்ஸ எறக்கி மாத்துனாத்தான் உண்டு" என்பார். அப்பா அசையவே மாட்டார். "எறக்குன வண்டி பழையபடி ஏறுனதா நான் பாத்ததில்லப்பா. ஓடுற வண்டிய எதுக்கு நோண்டணும்?" என்று ஆயில் மட்டும் ஊற்றச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். அந்த ஆயிலும் எங்கள் வாசலில்தான் சொட்டும். அம்மா போடும் கோலத்துக்கு நடுவில் தினமும் கறுப்பாக ஒரு புள்ளி கூடுதலாக இருக்கும். கிளம்பும்போது வண்டிக்கு அடியில் 'டங்' என்று ஒரு சத்தம் வரும். பின்சக்கரத்துக்குப் போகிற தண்டின் மூட்டு ஆடுகிறது என்றார் மெக்கானிக். அம்மா அந்த டங்குக்கு ஒவ்வொரு தடவையும் பெருமாளைக் கூப்பிட்டாள்.

எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. சிரிப்பு, சண்டை, சமையல், சாமி எல்லாம் அதில்தான். ஆனால் ஜீப்பில் ஏறி உட்கார்ந்த நிமிஷம் அப்பா தமிழுக்கு மாறிவிடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "வண்டிக்குத் தமிழ்தான் தெரியும்" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். மூணாவது போட்டதும் "பிடி" என்பார். அழுத்திப் பிடிப்பேன். நாலுக்குப் போகும்போதோ இரண்டுக்கு இறங்கும்போதோ "விடு" என்பார். விட்டுவிடுவேன். விடாமல் போனால் கியர் நகராது, வண்டி திணறும், அப்பாவின் மூக்கு சிவக்கும். ஊர் ஊராக நாங்கள் பேசிக்கொண்டு போன பேச்சில் பாதி இந்த இரண்டு சொற்கள்தான். அலுத்ததே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் எனக்குக் கல்யாண ஆசை வந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் என்னோடு பாடம் எடுத்தவர். வாடிப்பட்டி தாண்டி ஒரு கிராமம். நெல்லும் தென்னையும் போட்டிருக்கிற விவசாயக் குடும்பம், டிராக்டர் வைத்திருந்தார்கள். வீட்டில் சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நம்ம பேச்சு ஒரு வார்த்தை தெரியாத வீடு. அங்க போய் நீ யார்கிட்டப் பேசுவ?"

அவர் கோபத்தில் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதில் நான் கெட்டிக்காரி. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ரெண்டு நாள் கழித்து அவரே சொன்னார். "ஒரு தடவை போய்ப் பாக்குறேன். எனக்கு மனசு ஒப்பலைன்னா நீ அத்தோட விட்டுரணும். சம்மதமா?" சம்மதம் என்றேன். அவர் சொன்னால் சொன்னதுதான், நானும் அவர் பெண்தான்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது பெண் கூடப் போகிற வழக்கம் எங்கேயும் இல்லை. அப்படியானால் கியரை யார் பிடிப்பது? அம்மா பிடிக்கிறேன் என்று முன்வந்தாள். வீட்டுக்கு முன்னால் உள்ள ரோட்டில் ஒத்திகை நடந்தது. "பிடி" என்றதும் இரண்டு கையாலும் பிடித்தாள், கண்ணையும் மூடிக்கொண்டாள். "விடு, விடு" என்று அப்பா கத்தியும் விடவில்லை. விட்டால் வண்டி கவிழ்ந்துவிடும் என்று அவளுக்கு எப்படியோ பட்டுவிட்டது. தெருமுனையில் வண்டி முக்கி நின்றது. இறங்கி வந்த அப்பா என்னைப் பார்த்து, "நீயே வந்து தொலை" என்றார்.

திட்டம் இதுதான். வாடிப்பட்டி வரை நான் கியரைப் பிடிக்க வேண்டியது. அங்கே என்னை ஒரு பேக்கரியில் இறக்கி உட்கார வைத்துவிட்டு, அவர்கள் இரண்டு பேரும் மிச்சமுள்ள கொஞ்ச தூரத்தை இரண்டாவது கியரிலேயே உருட்டி, கிராமத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். நான் பப்ஸ் தின்றுகொண்டு என் தலையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

சமயநல்லூர் தாண்டி, ரோடு அகலப்படுத்துகிற புழுதியில் விழுந்து எழுந்து, வாடிப்பட்டி போய்ச் சேர்ந்தோம். வழி காட்டுவதற்காக மாப்பிள்ளை பேக்கரி வாசலிலேயே நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, முகமெல்லாம் வியர்வை. நான் இறங்குவதைப் பார்த்ததும் விஷயம் புரியாமல் விழித்தார். அம்மா விளக்கினாள். "ஐயோ, பொண்ணப் பேக்கரில உக்கார வச்சுட்டு வந்தேன்னு தெரிஞ்சா எங்கம்மா என்னைய வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க" என்றார். அப்பா யோசித்தார். வழி சொல்ல அவர் முன்னால் உட்கார வேண்டும். அப்படியானால் நான் பின்னால், அம்மாவோடு, சேலைக் கட்டு இருக்கும் இடத்தில்.

அவர் ஏறும் முன் அவசரமாகச் சொன்னேன். "அப்பா பிடின்னா கியரப் பிடிங்க. விடுன்னா விட்டுருங்க. வேற எதுவும் செய்யாதீங்க." அவர் ஏதோ பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி தலையாட்டினார். எனக்குத்தான் கை நமநமவென்றது. என் இடத்தில் வேறொருவர் கை.

'டங்' என்று வண்டி கிளம்பியது. அம்மா பெருமாளைக் கூப்பிட்டாள். கால்வாய்க் கரை ரோட்டில் திரும்பியதும் அப்பா மூணு போட்டு, "பிடி" என்றார். "சரிங்க சார்" என்று பிடித்தார். "விடு." "சரிங்க சார்." இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று நாற்று. முன்னால் இரண்டு பேருக்கும் இடையில் இதைத் தவிர ஒரு பேச்சும் இல்லை. அப்பாவின் பிடரியைப் பார்த்து அவர் மனசைப் படிக்க முயன்றேன். பிடரியில் என்ன தெரியும்?

ஒரு வளைவு. மூணாவது கியரில் போய்க்கொண்டிருந்தோம். திரும்பினால் ரோடு முழுக்க ஆடு. ஒரு மந்தையே கால்வாயிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தபடி அப்பா அலறினார். தமிழில் இல்லை. பதற்றத்தில் எங்கள் மொழி வந்துவிட்டது. 'விடு' என்பதற்கு எங்கள் வீட்டில் சொல்கிற சொல், அதுவும் குழந்தைகளை அதட்டும்போது சொல்கிற விதத்தில்.

நான் முடிந்தது என்று நினைத்தேன். இவர் பிடித்தபடியே இருக்கப் போகிறார், வண்டி ஆட்டுக்குள் போகப் போகிறது, என் கல்யாணமும் அதோடு போகப் போகிறது. ஆனால் அவர் கை பட்டென்று விலகியது. அப்பா இரண்டுக்குத் தள்ளினார். வண்டி உறுமிக்கொண்டே வேகம் குறைந்து, முதல் ஆட்டின் மூக்குக்கு முன்னால் நின்றது. அந்த ஆடு எங்கள் பம்பரை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

அப்பா மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார். தன் மொழியை விளங்கிக்கொண்டவனைப் பார்க்கிற பார்வை. அவருக்கோ பதில் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, அதுவும் எங்கள் மொழியிலேயே. நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது மொத்தமே ஒரு வாக்கியம்தான். அதைத் திருத்தமாக, பணிவாகக் கேட்டார்:

"சாப்பிட்டீங்களா?"

ஆட்டு மந்தைக்கு நடுவில், ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிற மனிதரிடம். அப்பாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "சாப்பிட்டாச்சு. நீ சாப்பிட்டியா?" என்று எங்கள் மொழியிலேயே திருப்பிக் கேட்டார். அது அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் "சாப்பிட்டீங்களா?" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆடு மேய்க்கிறவர் எங்களைப் பார்த்த பார்வையில் எல்லோருக்கும் கழன்றுவிட்டது என்ற முடிவு தெரிந்தது.

அவர்கள் வீட்டில் பலகாரமும் காப்பியும் அமர்க்களப்பட்டன. "வா தாயி, வண்டிய நீதான் ஓட்டிட்டு வந்தியா?" என்று அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அப்பா ஜீப்பைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், களத்தில் சொட்டிய ஆயிலை விரலால் தொட்டார். "பாக்ஸு போயிருச்சு போலருக்கே. நம்ம டிராக்டர் பாக்குறவன்ட்டக் குடுத்து எறக்கிருவோம் சம்பந்தி" என்றார். இன்னும் ஒன்றும் பேசி முடிக்கவில்லையே, அதற்குள் சம்பந்தியா? அப்பா, "அதெல்லாம் வேணாம், ஓடுற வண்டிய நோண்டக் கூடாது" என்றார். அவர் மறுத்தது கியர் பாக்ஸை மட்டும்தான்.

திரும்பும்போது நான் என் இடத்தில் இருந்தேன். "பிடி", "விடு" தவிர அப்பா வாய் திறக்கவில்லை. சமயநல்லூர் வந்த பிறகுதான் சொன்னார். "பயல் கை சுருக்கா இருக்கு."

"நம்ம பேச்சு தெரியாதேப்பா" என்றேன், வேண்டுமென்றே. எனக்கு அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"சாப்பிட்டியான்னு கேக்கத் தெரியுதுல்ல? மத்ததெல்லாம் மெதுவா வரும்." சொல்லிவிட்டு மூணு போட்டார். நான் சந்தோஷத்தில் பிடிக்க மறந்து 'டொக்' என்று வெளியே வந்தது. திட்டினார்.

மாப்பிள்ளையிடம் பின்னால் ஒரு நாள் கேட்டேன், அந்தச் சொல் எப்படிப் புரிந்தது என்று. "இதுல புரிய என்ன இருக்கு? ஆடு குறுக்க வந்தா பிடின்னா சொல்லுவாரு?" என்றார். இதை நான் அப்பாவிடம் சொல்லவே இல்லை.

கல்யாணம் முடிந்து, புகுந்த வீடு பழகத் தொடங்கிய சமயம். ஒரு மதியம் தெருக்கோடியில் ஒரு இன்ஜின் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வருவது கேட்டது. வெளியே வந்து பார்த்தால் எங்கள் ஜீப். பக்கத்தில் யாரும் இல்லை, அப்பா மட்டும். வண்டியின் மூக்கிலிருந்து ஆவி வந்தது, பின்னால் வெயிலில் சேலைக் கட்டுகள் கிடந்தன.

"மூணாவதை யாருப்பா பிடிச்சா?" என்றேன், புகுந்த வீட்டுப் பழக்கத்தில் தமிழிலேயே.

"மூணாவது போடலை. ரெண்டுலயே வந்துட்டேன்."

"திருநகர்லேர்ந்தா?"

"சைக்கிள்காரன் எல்லாம் முந்திட்டுப் போறான்" என்றார், அது ஏதோ அவர்கள் சாமர்த்தியம் மாதிரி.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை பிடிவாதம் எதற்கு, பாக்ஸை இறக்கிச் சரி பண்ணினால் என்ன என்று தெருவிலேயே சத்தம் போட்டேன். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "சரி பண்ணிட்டா, அப்புறம் நீ வண்டில சும்மாதான உக்காந்து வரணும்?"

அடுத்த ஊர்க் கடைக்கு இந்தக் கட்டுகளைப் போட வேண்டும், வருகிறாயா என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினேன். 'டங்' என்றது. ஒன்று, இரண்டு, கால்வாய் ரோடு. மூணாவது போட்டார்.

பிடி என்றார். தமிழில் இல்லை, எங்கள் மொழியில்.

பிடித்துக்கொண்டேன். "வண்டிக்குத் தமிழ்தான் தெரியும்னீங்க?" என்று நானும் எங்கள் மொழியிலேயே கேட்டேன். அன்று காலையிலிருந்து அதில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"தெரியாதுதான்" என்றார் ரோட்டைப் பார்த்தபடி. "நான் வண்டிக்கா சொன்னேன்?"