இரண்டு மண்டலத்துக்கும் ஒரே எண்கள்

என் மனைவிக்கு அலுவலகத்தில் 'முடிச்சு மேடம்' என்று பெயர். அறுந்துபோன எந்த இணைப்பையும் எப்படியாவது முடிச்சுப் போட்டுவிடுவாளாம். வீட்டில் கண்ணாடியைக் காணோமென்று அலமாரியைத் தலைகீழாக்குவாள். அது அவள் தலையிலேயே இருக்கும்.

உடல் உறுப்பு தானப் பதிவு அலுவலகத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வருடமாக வேலை. தெற்கு மண்டலத்துக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு கிளவுடு நெட்வொர்க், வடக்குக்கு இன்னொன்று. இரண்டும் தனித்தனி. வடக்கில் ஒரு சிறுநீரகம் கிடைத்தால் வடக்குப் பட்டியலில் மட்டும்தான் ஆள் தேடும். நான் தெற்குப் பட்டியல். நான்கு வருடமாக எனக்குப் பொருந்துவதாக ஒன்றும் வரவில்லை. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். கையில் ஊசி குத்த இடமில்லை. "இன்னும் ரெண்டு மாசம் ஓட்டலாம். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

இரண்டு நெட்வொர்க்கையும் இணைக்கும் வேலை அவளிடமே வந்தது. பட்டியலில் என் இடத்தை அவள் தொட முடியாது, தொடவும் மாட்டாள். ஆனால் இணைப்பு வந்துவிட்டால் வடக்கில் கிடைப்பதும் எனக்கு வரலாம். அந்த ஒரு நினைப்பில்தான் நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு இணைப்பதாக ஏற்பாடு. டயாலிசிஸ் நாற்காலியில் கிடந்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிவரை சத்தமில்லை. இரண்டு மணிக்கு அவளே வந்து நின்றாள், கண்ணாடி தலையில், கையில் ஒரு தாள்.

"சேரலைங்க."

"சேரலைன்னா?"

"வீட்டுக்குக் கதவு எண் மாதிரி நெட்வொர்க்குல ஒவ்வொரு கம்ப்யூட்டர் மெஷினுக்கும் ஒரு எண் இருக்கும்ல. தெற்குல இருக்கிற அதே எண்ணெல்லாம் வடக்குலயும் இருக்கு. ரெண்டையும் சேர்த்தா எது எங்க இருக்குன்னு தெரியாது. ஏத்துக்கவே மாட்டேங்குது."

"அப்போ ஒரு பக்கத்தை மாத்திட வேண்டியதுதானே?"

"முந்நூறு மெஷின். ஆஸ்பத்திரி வேலை நிக்காம ஒண்ணொண்ணா மாத்தணும். அஞ்சு மாசம் ஆகுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எந்த மடப்பய பார்த்த வேலை இது? சோறுதான் திங்கிறானா அவன்?" என்று கத்தினேன். நர்ஸ் ஓடிவந்து என்னை அமர்த்தினார்.

"நான்தாங்க" என்றாள்.

ஆறு வருடத்துக்கு முன் வடக்கை அமைத்தவள் அவள்தானாம். புது எண்களைப் பிரித்துப் போட நிதானமாக மூன்று மணி நேரம் வேண்டும். தெற்கில் இருந்ததை அப்படியே காப்பி செய்து ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கிறாள். இரண்டும் சேரும் என்று அப்போது யார் கண்டார்கள்?

"அப்படி என்னடி அவசரம் உனக்கு?"

அவள் கையிலிருந்த தாளைப் பின்னால் மறைத்தாள். பிடுங்கிப் பார்த்தேன். வடக்கை அமைத்த அன்றைய பதிவு அது. மேலே தேதியும் நேரமும் இருந்தன. ஆறு வருடத்துக்கு முந்தைய என் பிறந்தநாள், மாலை ஐந்து நாற்பது.

அன்றைக்குத் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு அவளுக்கு ஒன்பது முறை போன் செய்தேன். உனக்கு வேலைதான் புருஷன், ஆறு மணிக்குள் வராவிட்டால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடுவேன் என்று நடுத்தெருவில் கத்தினேன். மூச்சிரைக்க ஓடிவந்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

"மூணு மணி நேரம் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னேங்க. அதுக்குள்ள நீங்க போனை வச்சுட்டீங்க."